ப்ரீஆம்ப்புக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டது!

கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்போது, “உள்ள என்னங்க, கண்ணாடிச் சாமானா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். உள்ளே இருப்பது பேஸ் கிட்டாருக்கான டியூப் ப்ரீஆம்ப் என்று ஆரம்பித்திருந்தால், எங்கள் கணபதிப் பகுதியில் வேறு எந்த வீட்டுக்கும் இன்று பார்சல் போயிருக்காது.

பழைய சாமான்தான். பெங்களூரில் ஒருவர் நான்கு வருடம் வாசித்துவிட்டு விற்றது. டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் தலையில் கட்டைவிரல் பருமனில் இரண்டு கண்ணாடி டியூப்கள், சுற்றிலும் கம்பி வேலி. அந்தக் காலத்து ரேடியோவில் வால்வு என்பார்களே, அதேதான். கிட்டார் கம்பியிலிருந்து வரும் நோஞ்சான் சத்தத்தை இது வாங்கி, சூடாக்கி, சதை பிடிக்க வைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது. அரை நிமிடம் கழித்து இரண்டு டியூபுக்குள்ளும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி பிறக்கிறது. பதினொரு முறை போட்டு அணைத்துப் பார்த்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்ன கண்ணு இது, அடுப்பா?”

“இல்லீம்மா. கம்பெனிது. டெஸ்டிங் மெஷின்.”

பொய். எங்கள் வீட்டிலிருந்து முதலில் காலேஜ் போனவள் நான். பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன் என்பதை அம்மா பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கம்பெனி டிரெயினிங்’ என்று கிளம்பி, ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் வாசிக்கப் போகிறாள் என்பதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? இரண்டு மாதமாகத் தேடுகிறேன், அந்த வாக்கியம் கிடைக்கவில்லை.

மெஷின் என்றதும் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. டியூபைவிட அதிகமாக.

செப்டம்பர் 7, ஞாயிறு

கானக்கொண்டல் மெல்லிசைக் குழுவின் பயிற்சி அறை, சரவணம்பட்டியில் தண்டபாணி அண்ணனின் செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது. அவர்தான் குழுத் தலைவர், கீபோர்டும் அவரே. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீபோர்டு – தண்டபாணி. பேட் – பூபதி. பேஸ் – இ.கை.

இ.கை என்றால் அவருடைய இடது கை. இருபது வருடத்துக்கு முன்பு பேஸ் வாசித்தவர் கிட்டாரை விட்டுவிட்டு தோஹா போய்விட்டார். அன்று முதல் தண்டபாணி அண்ணன் வலது கையில் பாட்டும் இடது கையில் பேஸும் வாசிக்கிறார். காலேஜ் இசைக் குழுவில் நான் பேஸ் கற்றுக்கொண்டது தெரிந்து, அந்தக் கிட்டாரை எனக்குத் துடைத்துக் கொடுத்தார். ஆனால் இரண்டு மாதமாகத் தாளில் இ.கைதான்.

இன்று பெட்டியை இணைத்து, டியூப் சூடாகும் வரை காத்திருந்து, ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். ஐயோ. சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக முழங்காலுக்கு வந்தது. பூபதி தாளத்துக்கான பேடைக் குச்சியால் தட்டுவதை நிறுத்தினார்.

“என்னங்க மேகலா இது, வயித்துக்குள்ள லாரி திரும்புது!”

தண்டபாணி அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார். “சத்தம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா ஜனத்துக்கு இதெல்லாம் தெரியுமா? என்ற இடது கை இருவது வருசமா லீவே கேக்காம வாசிக்குது.”

நான் தரையைப் பார்த்தேன்.

“செரி, ஒண்ணு பண்ணலாம். ஆயுதபூசைக் கச்சேரில வாசி. ஜனம் திரும்பிப் பாத்தா இந்த எடம் உனக்கு. பாக்கலீன்னா மனசுல வெச்சுக்காதே, என்ற கையே போதும்.”

ஒரே கச்சேரி. இருபத்து நான்கு நாள் இருக்கிறது.

பூபதி பகலில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவர். எவ்வளவு மெல்லிய நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். அவர் தாளம் சுத்தமாக இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

கூரியரில் வரும்போது பெட்டியின் ஒரு குமிழ் உடைந்திருந்தது. நேற்று அப்பா லேத் பட்டறையிலிருந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டி முன்னால் குந்தி, வெர்னியர் அளவுகோலை வைத்து மற்ற குமிழ்களை அளந்துகொண்டு போனார். இன்று அலுமினியத்தில் புதுக் குமிழ் கொண்டுவந்தார். ஓரத்தில் விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு, தலையில் சிவப்புக் கோடு. பெங்களூர்க்காரரின் குமிழ்களெல்லாம் இதன் பக்கத்தில் ஏழைச் சொந்தக்காரர்கள்போல இருக்கின்றன.

“மெஷின் நல்லா ஓடுதா கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

“ஓடுதுங்கப்பா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல வேளை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டு டியூபில் ஒன்று சரியில்லை. பூபதி தும்மினால் ஸ்பீக்கரில் ‘ணிங்’ என்கிறது. கதவைச் சாத்தினால் ‘ணிங்’. பென்சில் நுனியால் ஒவ்வொரு டியூபாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். வலது டியூப் ‘டொக்’ என்று அடக்கமாகச் சொன்னது. இடது டியூப் கோயில் மணிபோலக் கூவியது.

அதற்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்தேன். என் சொந்த அத்தையும் இப்படித்தான். எங்கே என்ன லேசாக அசைந்தாலும் அதை வாங்கிப் பத்து மடங்காக்கி வீதிக்கே சொல்வார்.

புது டியூப் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். வந்ததும் அத்தைக்கு ஓய்வு. தூக்கிப் போட மனமில்லை, பஞ்சு வைத்த டப்பாவில் இருக்கட்டும்.

செப்டம்பர் 17, புதன்

கம்பெனி. அடியில் ரப்பர் வைக்காமல் ஓடவிட்ட பம்பு ஒன்று மேசையிலிருந்து நடந்து வந்து இறங்கப் பார்த்தது. ரப்பர் வைத்ததும் பூனைபோல உட்கார்ந்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கச்சேரி எங்கே என்று இன்றுதான் கேட்டேன். பட்டறைக்காரர்கள் சங்கமாம். கணபதி, பட்டறை வீதியாம். அப்பாவின் பட்டறைக்கு நான்கு கட்டடம் தள்ளி!

“ஏனுங்க முகம் வெளுத்துருச்சு? ஹீமோகுளோபின் பாக்கலாமா?” என்றார் பூபதி.

சிரித்துவிட்டேன். சத்தமாக. எல்லோரும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 24, புதன்

புது டியூப் வந்தது. நல்ல டியூப்கள் இரண்டிலும் மஞ்சள் எழுத்து. அத்தையின் மேல் வெள்ளை எழுத்து. குழப்பமே வராது.

செப்டம்பர் 30, செவ்வாய்

குழப்பம் வந்துவிட்டது.

கம்பெனியில் பூஜை முடித்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். நாளை ஆயுதபூஜை என்பதால் அம்மா வீட்டிலுள்ள அத்தனையையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பேனர்கள், என் பழைய கால்குலேட்டர். சாமி அலமாரிக்கு முன்னால், வாழையிலையின் நட்டநடுவில், எல்லாவற்றுக்கும் தலைவரைப்போல என் ப்ரீஆம்ப். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. கம்பி வேலிக்குள் இரண்டு டியூபிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூன்றாவது டியூப், அதுவும் பொட்டோடு, வெற்றிலை மேல் படுத்திருந்தது.

“அழுக்காக் கெடந்துது கண்ணு. பல்பு மாதிரி புடுங்கி மூணையும் சோப்புப் போட்டுத் தேச்சு, வெயில்ல காய வெச்சு, ரண்டத் திருப்பிச் சொருகீட்டேன். எதோ கிறுக்கல் இருந்துச்சு, அதும் போயிருச்சு. பாரு, எப்புடிப் பளபளங்குதுன்னு!”

கிறுக்கல் என்றால் எழுத்து. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. மூன்றும் அச்சாக ஒன்றுபோலவே சிரிக்கின்றன. இதில் அத்தை யார்?

பென்சிலால் தட்டலாம் என்றால் கேட்பதற்குக் கிட்டாரும் ஸ்பீக்கரும் சரவணம்பட்டியில் இருக்கின்றன. அம்மா முகத்தில் அத்தனை சந்தோஷம். “நல்லா இருக்குதும்மா” என்றேன்.

அக்டோபர் 1, புதன். மதியம் மூன்று மணி

இதை எழுதும்போதும் விரலெல்லாம் எலுமிச்சை வாசனை.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தேன். “அம்மா, அந்த மெஷின் எனக்கு வேணும். இப்பவே.”

“பூசைல வெச்சதையா? நாளைக்குக் காலைல மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். இன்னைக்குக் கம்பெனி லீவுதானே?”

“அது கம்பெனி மெஷின் இல்லீம்மா.”

மூன்று மாதமாகத் தேடிய வாக்கியம் இவ்வளவு சின்னது. மீதியெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. குழு, ஞாயிற்றுக்கிழமை, கிட்டார், இன்று மாலை, இடது கை.

அப்பா சுண்டலை மென்றபடியே சொன்னார். “டெஸ்டிங் மெஷின்ல எதுக்கு பேஸு, ட்ரெபிள்னு எழுதியிருக்குதுன்னு நானும் ஒரு மாசமா ரோசன பண்ணீட்டுத்தான் இருக்கறேன்.”

“உங்களுக்குப் படிக்க…”

“நம்மூட்டு டேப்ரெக்கார்டர்லயும் அதேதான் எழுதியிருந்துச்சு. எட்டாவதோட நின்னாலும் அத்தன இங்கிலீசு தெரியும்.”

அம்மா இடுப்பில் கை வைத்தாள். “அப்ப நான் இத்தன நாளா பாட்டுப் பொட்டியவா தொட்டுக் கும்புட்டேன்?”

பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், “நீ பாடுவியா?” என்றாள்.

“இல்லீம்மா. பின்னாடி நின்னு வாசிப்பேன்.”

“பின்னாடி நிக்கறதுக்கா இத்தன பொய்யி!”

அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். “பொய்யி தனி, அத அப்பறம் பேசிக்கறேன். பூசைல வெச்சத விடியறதுக்குள்ள எடுத்து வேல வாங்கக் கூடாது. அதுதான் முறை.”

“பஸ்ஸுக்குப் பூசை போட்டா ராத்திரிக்கும் நிறுத்தியா வெக்கறாங்க?” என்றார் அப்பா. “சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழத்த வெச்சு, ஏத்தி நசுக்கீட்டு அப்பவே ஓட்டீட்டுப் போறாங்கல்ல?”

“இதுக்குச் சக்கரமே இல்லியே.”

“காலு இருக்குதல்ல, நாலு!”

பெட்டிக்கு அடியில் நான்கு ரப்பர் கால்கள் உண்டு. அப்பா நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்து, அவற்றின் மேல் பெட்டியை நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். மூன்று நசுங்கின. நான்காவது துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. “கண்ணாடி, கண்ணாடி, மெதுவா!” என்று அம்மா கத்தினாள். ஓடிப்போனதைப் பிடித்து வந்து மறுபடி அழுத்தினோம், இந்த முறை மூன்று பேரும் சேர்ந்து. சாறு பீய்ச்சி அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

ஆனாலும் அம்மா ஒரு விஷயத்தில் விடவில்லை. மூன்று டியூபில் ஒன்றாவது காலை வரை சாமியிடம் இருக்க வேண்டும். எது என்று கேட்டேன். அவற்றைக் கழற்றி முறத்தில் போட்டுக் கலக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுத்து வெற்றிலை மேல் வைத்தாள். “சாமி பாத்துக்கும்.”

அம்மா எடுத்தது அத்தையாக இருந்தால் தப்பித்தேன். இல்லையென்றால் அத்தை இன்று மேடை ஏறுகிறார்.

கிளம்பும்போது பையில் இன்னும் நான்கு எலுமிச்சம்பழங்களைப் போட்டாள். “மேடைல ஏத்தறப்பவும் வெச்சுக்க.” முந்நூறு பேருக்கு முன்னால் நானா? அடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன். காலை

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். முடியுமா பார்க்கிறேன்.

வீதி முழுக்க வாழைக்கன்று. லேத்துகளெல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைகள்போல நின்றன. இரும்பு டிரம்களை நிறுத்தி, மேலே பலகை அடுக்கியதுதான் மேடை. ஏறினால் ஆடுகிறது, இறங்கினாலும் ஆடுகிறது. சோதித்துப் பார்க்க நேரமே இல்லை. ஆறரைக்கு முதல் பாட்டு.

முதல் வரியில் எல்லாம் ஒழுங்காகவே போனது. டியூப் சூடாகச் சூடாகச் சந்தன வாசனை கிளம்பியது. “யாருங்க ஊதுபத்தி கொளுத்துனது?” என்று பூபதி வாசித்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது வரியில் நான் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். மேடைப் பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வு பெட்டிக்கு ஏறியது, பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போனது, அங்கிருந்து மறுபடி பலகைக்கு வந்தது. ‘ஙொய்ய்ய்ய்’ என்று ஓர் ஊளை.

அத்தை மேடையில் இருந்தார்.

சத்தத்தைக் குறைத்தேன். குறைத்தால் பேஸே கேட்கவில்லை, கூட்டினால் ஊளை. தண்டபாணி அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருடைய இடது கை மெதுவாகக் கீபோர்டின் அடிக் கட்டைகளுக்கு இறங்குவதைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டு முழுக்க இ.கைதான். நான் கிட்டாரை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் அம்மா பட்டுப்புடவையில், அப்பா இஸ்திரி போட்ட சட்டையில். சுற்றிலும் அப்பாவின் பட்டறை ஆட்கள் மொத்தமும். “உங்கப்பா காலைலயே பத்து சேரு புடிச்சு வெச்சுட்டாருங்க” என்று மைக் செட்காரர் சொல்லியிருந்தார். நான் வீட்டில் சொன்னது மதியம் இரண்டு மணிக்கு. காலையிலேயே எதற்கு நாற்காலி பிடித்தார் என்று புரியவில்லை.

பிறகு சங்கத் தலைவருக்குப் பொன்னாடை. ஐந்து நிமிடம் கிடைத்தது. குனிந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பென்சிலால் இடது டியூபைத் தட்டினேன். வீதி முழுக்க ‘ணிங்ங்’ என்று கேட்டது. பேசிக்கொண்டிருந்த தலைவர் பதறி, “மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கறனுங்க” என்றார். அதுவே நேற்றைய மிகப் பெரிய கைதட்டல்.

இடதுதான் அத்தை. தெரிந்து என்ன செய்ய? மாற்று டியூப் வெற்றிலை மேல் சாமியோடு இருக்கிறது. ஒற்றை டியூபில் பெட்டி பேசாது. பலகையில் கை வைத்தேன். யாரோ ஏறி இறங்கும் அதிர்வெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்து இறங்கி வரப் பார்த்த பம்பு ஞாபகம் வந்தது. ரப்பர் வேண்டும். மெத்தென்று ஏதாவது வேண்டும். பையில் துண்டு. துண்டுக்கு அடியில்…

முழுப் பழத்தின் மேல் பெட்டி நிற்காது, உருளும்.

“பூபதி, இத நசுக்கித் தரீங்களா?”

நானாக அவரிடம் பேசிய முதல் வாக்கியம் இது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான்கையும் வாங்கி, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒவ்வொன்றாக, ஒரே அழுத்து. நான்கு காலுக்கும் நான்கு எலுமிச்சை. பெட்டி லேசாக ஆடி, மெத்தையில் உட்கார்ந்ததுபோல அமர்ந்தது. பூபதி குச்சியைத் தூக்கி, “ஒன், டூ” என்றார்.

அண்ணனின் இடது கை அடிக் கட்டைகளின் மேல் தயாராக இருந்தது. நான் அதற்கு முந்திக்கொண்டேன்.

அத்தை மூச்சுக்கூட விடவில்லை. எலுமிச்சை எல்லா அதிர்வையும் குடித்துவிட்டது. குமிழைத் திருப்பினேன், அப்பா செய்த அந்தக் குமிழை, சிவப்புக் கோடு கடைசிக் குறியைத் தொடும் வரைக்கும். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையின் ஷட்டர் கடகடவென்று நடுங்கியது. அடுத்த பட்டறையில் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் சலங்கைபோலக் குலுங்கின. அப்பாவின் மடியிலிருந்த தட்டில் பொரி துள்ளியது. என்ன சத்தம் என்று மொத்த ஜனமும் திரும்பி ஷட்டரைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

முந்நூறு பேர்! என் காலடியில் பலகை இருந்ததா என்றே தெரியவில்லை. அம்மா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், அங்கே பேஸ் அடிப்பதை. பிறகு பக்கத்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

தண்டபாணி அண்ணனின் இடது கை கொஞ்ச நேரம் கட்டைகளுக்கு மேலேயே மிதந்தது. இறங்க இடமில்லை. டீ கொண்டுவந்தவர் பக்கத்தில் வந்தார். அண்ணன் இடது கையால் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பாட்டு முடியும் வரை அந்த டம்ளரைக் கீழே வைக்கவேயில்லை.

இறங்கும்போது பூபதி கை கொடுத்தார். ‘வாழ்த்துகள்’ என்றோ என்னவோ சொன்னார். இன்னும் கையில் அந்த எலுமிச்சை வாசனை இருக்கிறது. கழுவ நேரம் கிடைக்கவில்லை, காலையிலிருந்து வேலை அதிகம்.

அம்மா மறுபூஜை முடித்து மூன்றாவது டியூபை எடுத்துக் கொடுத்தாள். “நேத்துச் சாமிகிட்ட இருந்தது நல்லதா, கெட்டதா?”

“நல்லதும்மா.”

“பாத்தியா? நல்லதச் சாமி தனக்கு எடுத்துக்கிச்சு. மீதிய உன்ற தலைல கட்டீருச்சு” என்று சிரித்தவள், “பொய்யப் பத்திப் பேசோணும்னு சொன்னனே” என்றாள். உட்கார்ந்தேன். “அடுத்த கச்சேரி எங்க?” என்று கேட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

‘டிரெயினிங்’ என்று சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிய முதல் ஞாயிறு. வாசலில் செருப்பைத் தேடியபோது, “பொட்டிய எடுத்துக்கிட்டியா கண்ணு?” என்றார் அப்பா.

பயிற்சி அறைச் சுவரில் புதுத் தாள். கீபோர்டு – தண்டபாணி. பேட் – பூபதி. பேஸ் – மேகலா. மூன்று முறை படித்தேன். அண்ணன் பார்க்காததுபோல செல்போன் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குக் கீழே, அடுத்த கச்சேரிக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்கள், அவருடைய கையெழுத்தில்:

கீபோர்டு ஸ்டாண்டு – 1
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் – 2
மைக் – 3
எலுமிச்சம்பழம் – 4